அகப்பை திரும்பிய பக்கம்

ஓகஸ்ட் 20. இரவு 9.05. எண்ணிக்கை: ஆறு.

ஏழு இருக்கவேண்டும். லண்டன் சட்டனில் கார் நிறுத்தும் கட்டிடத்தின் மேல்தட்டில் நின்று மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் ஆறுதான். கிண்ணத்தில் மூன்று, கைப்பிடியில் மூன்று. இரண்டும் பொருந்துகிற மூலையில் இருக்கவேண்டிய அந்த மங்கல் நட்சத்திரத்தை இந்த ஊர் வெளிச்சம் தின்றுவிட்டது. கைப்பிடி மேற்குப் பக்கம் சரியத் தொடங்கிவிட்டது. நீ சொன்ன கணக்குப்படி கோடை முடிகிறது.

நல்லவனாக இருந்து இதை எழுதவில்லை. இன்று மத்தியானம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஆரையாவது அடிக்கவேணும் போல இருக்கிறது. முதலில் எங்கள் முதலாளி அண்ணையை. பிறகு என்னை. உயிரோடு இருந்தால் உன்னையும்.

உனக்கு நினைவிருக்கும், எங்கள் வீட்டுக் குசினி. நீ முதல்முறை சாப்பிட வந்த நாள். சீனரின் அந்தச் சொல்லை எனக்கு விளக்கப்போகிறேன் என்று அம்மாவின் சொதிச் சட்டியிலிருந்து அகப்பையை எடுத்தாய். "தோவ் ஜுவான் சிங் யீ." அகப்பை திரும்பிற்று, நட்சத்திரங்கள் இடம் மாறின. பருவம் போயிற்று, காலம் போயிற்று என்பதற்கு அவர்கள் சொல்லும் நாலு எழுத்து. எனக்கு அது நாட்காட்டியில் அச்சடிக்கிற வசனம் போல் இருந்தது. இல்லை, இது அளவெடுத்துச் சொன்ன சொல் என்றாய். நாங்கள் சப்தரிஷி என்கிற அந்த ஏழு நட்சத்திரமும் அவர்களுக்கு ஓர் அகப்பை. மம்மல் நேரத்தில், இருட்டத் தொடங்கும்போது, அதன் கைப்பிடி கிழக்கைக் காட்டினால் இளவேனில், தெற்கைக் காட்டினால் கோடை, மேற்கைக் காட்டினால் இலையுதிர்காலம், வடக்கைக் காட்டினால் குளிர்காலம். வருடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிற மணிக்கூட்டு முள்.

நான் உடனே குறுக்கே விழுந்தேன். அது ஒரே இரவுக்குள்ளேயும் சுற்றுமே, பிறகு எப்படிப் பருவம் சொல்லும் என்று கேட்டேன். நீ சிரித்தாய். அதனால்தான் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும், மம்மலில் மட்டும் பார்க்கவேண்டும் என்றாய். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகரும். இரவு போவதும் பருவம் போவதும் ஒரே கைப்பிடியில் தெரிவதால்தான் அந்தச் சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன. நான் தோல்வியை ஒத்துக்கொண்டேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

பிறகு குசினியையே வானமாக்கினாய். பிரிட்ஜ் கிழக்கு, ஜன்னல் தெற்கு, வாசல் மேற்கு, அடுப்பு வடக்கு. அகப்பையைப் பிடித்துக்கொண்டு நடுவில் சுற்றினாய். நிலமெல்லாம் சொதி.

"அடுப்பு குளிர்காலமோ? உனக்கு விசரோ தம்பி?" என்றா அம்மா. "எங்களுக்குக் கோடையும் மாரியும்தான். வை அகப்பையை."

அம்மா இன்றைக்கும் பாலை "இளவேனில் பக்கம் வை" என்றுதான் சொல்லுகிறா.

நீ மலேசியாவில் ஈப்போக்காரன். உன்னைச் சீனப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள், அங்கே ஒரே கறுத்தப் பெடியன் நீ. நாங்கள் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிற கூடாரத்தை மடிக்கும்போது ஒருநாள் சொன்னாய்: "டேய் சிலோன், நாலாம் வகுப்புல இத நூறு தடவ எழுதினேன் லா. எங்க ஊர்ல பருவமும் கிடையாது, பாதி வருசம் சாயங்காலத்துல அந்த அகப்பையும் கிடையாது. வாத்தியார் சொன்னாரு, நான் நம்பிட்டேன்." லண்டனுக்கு வந்த முதல் வருடம் மாதத்துக்கு ஒருமுறை இந்த மேல்தட்டில் ஏறி அது நாலு திசையும் சுற்றுகிறதா என்று நீயே பார்த்திருக்கிறாய். இங்கே அது மறைவதே இல்லை. பன்னிரண்டு மாதம் பார்த்து முடித்த அன்று வாத்தியார் பொய் சொல்லவில்லை என்று உன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாயாம். இப்படி ஒருத்தன் எழுதின வசனத்தைத்தான் பிழை என்றார்கள்.

நாங்கள் மூன்று பேர். அண்ணை முதலாளி. பாடசாலை மண்டபங்களில் ஊதுகூடாரம் போட்டுப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிற சின்ன வியாபாரம் அவருடையது. நீ எழுதுவாய், பேசிப் பதிவாய். நான் புரொஜெக்டரும் கணினியும். படம் முதலில் ஒரு குவிந்த கண்ணாடியில் விழுந்து, அங்கிருந்துதான் கூடாரம் முழுக்கப் பரவும். கண்ணாடி இடத்தை வலமாக்கும், வலத்தை இடமாக்கும். அதைத் திருப்பிச் சரிசெய்யக் கணினியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு டிக் போடவேண்டும். அவ்வளவுதான் என் பொறுப்பு. ஒரு டிக்.

போன வருடம் மே மாதம், சனிக்கிழமைச் சீனப் பள்ளி. புதுக் கணினி. எங்கள் பழைய அமைப்புகள் ஒன்றும் அதில் இல்லை. எல்லாம் பார்த்துவிட்டாயா என்று நீ கேட்டாய். "எனக்குத் தெரியும், நீ உன்ர வசனத்தைப் பார்" என்றேன். இந்த மறுமொழியைத் தினமும் ஒருமுறையாவது திரும்பக் கேட்கிறேன்.

பதிந்து வைத்த உன் குரல் "கைப்பிடி கிழக்கைக் காட்டுகிறது, இளவேனில்" என்றது. கூடாரச் சுவரில் நாங்கள் ஒட்டிய திசைத் துணிகள் இருந்தன. கைப்பிடி மேற்குத் துணியைத் தொட்டுக்கொண்டு நின்றது. பிறகு அகப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. பருவங்கள் பின்னோக்கி ஓடின. பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு ஒரு விநாடியில் விளங்கிவிட்டது. உனக்கும் விளங்கியது, இருட்டில் என் பக்கம் திரும்பினாய். இடையில் நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

வெளியே அந்தப் பள்ளியின் ரீச்சர், வயதான அம்மா, மரியாதையாகத்தான் கேட்டா. கைப்பிடி வேறு பக்கம் நின்றதே என்று. அண்ணை என்னைப் பார்க்கவே இல்லை. நேரே உன்னைக் காட்டினார். எழுத்தில் பிழை, எழுதினவரை மாற்றுவோம் என்று ரீச்சருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தமிழில், எல்லாருக்கும் முன்னால்:

"சீனப் பள்ளியில படிச்சனான் எண்டு சொன்னீர். என்னத்தைக் காணும் படிச்சனீர்?"

நீ அவரிடமிருந்து திரும்பினாய். ரீச்சரிடம் சீனத்தில் ஏதோ சொன்னாய். நாலைந்து வசனம். தலை குனிந்தாய். அது என்னவென்று எனக்கும் விளங்கவில்லை, அண்ணைக்கும் விளங்கவில்லை. நான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். பத்து மீற்றர்க் கேபிளை நான் அவ்வளவு நேரம் சுற்றினது அன்றைக்குத்தான்.

விம்பிள்டனுக்குத் திரும்பும் டிராமில் நீ ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாய்.

"டிக் போட மறந்துட்டியா?"

"ஓம்."

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன் லா."

திங்கட்கிழமை அண்ணையிடம் சொல்லுகிறேன் என்றேன். நீ தலையாட்டினாய். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீ எடுக்கவே இல்லை. நல்ல பிள்ளை மாதிரி. எனக்கு அது இப்போதும் எரிகிறது.

திங்கட்கிழமை சொன்னேன். உன்னை ஞாயிறே நிறுத்தியாகிவிட்டது. அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி," என்றார். "மெசினில பிழை எண்டால் ஒரு பள்ளிக்கூடமும் எங்களைக் கூப்பிடாது. எழுத்தில பிழை எண்டால் ஆளை மாத்தினால் சரி. நீர் போய் அந்த டிக்கைப் போடும்."

போய் டிக்கைப் போட்டேன். என்னைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

நவம்பரில் நீ போனாய். மூளையில் இரத்தக் கசிவு. முப்பத்தொரு வயது. இது யாருடைய பிழையும் இல்லை என்று மருத்துவர், ஈப்போவிலிருந்து வந்த உன் அம்மாவுக்குச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. யாருடையதாவது பிழையாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். உன் சாவுக்கு ஒருவரும் அகப்படவில்லை. உன் பெயர் கெட்டதற்கு அண்ணை அகப்பட்டார்.

பொங்கலுக்குப் பிறகு அண்ணை "திருத்திய பதிப்பு" என்று ஒன்றை வெளியிட்டார். நான்தான் கணினியில் ஏற்றினேன். உன் வசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு காற்புள்ளி மாறவில்லை. குரல் மட்டும் அவருடையது, உன் இடத்தில் அவருடைய பெயர். திருத்தினது என்னுடைய டிக் ஒன்றுதான். அதற்கு அவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

வரும் சனிக்கிழமை அதே சீனப் பள்ளி. அண்ணை தானே பள்ளியின் அலுவலகத்தை அழைத்து, பிழையை எடுத்துவிட்டோம், பிழை விட்டவரையும் எடுத்துவிட்டோம் என்று சொல்லி இடம் பிடித்திருக்கிறார். இரண்டு கிழமையாக எனக்கு ஒரு திட்டம் இருந்தது. டிக்கை எடுத்துவிட்டு அவர் பதிந்த குரலை ஓட விடுவது. "கிழக்கு" என்று அவர் முழங்குவார், கைப்பிடி மேற்கில் நிற்கும். அந்த ரீச்சரின் முகத்துக்கு முன்னால் அவர் வேர்ப்பார். அதை நினைத்து நினைத்து நன்றாகச் சாப்பிட்டேன். ஒன்றரைக் கிலோ கூடிவிட்டேன்.

இன்று மத்தியானம் அந்த ரீச்சர் அழைத்தா. மண்டபத்தின் மின்சாரத்தைப் பற்றிக் கேட்கத்தான். முடிக்கும்போது, போன முறை வந்த அந்த இளைஞர் வருவாரா என்று கேட்டா. ஏன் என்றேன். அவ்வளவு நல்ல சீனம் பேசினவர், பிழை முழுக்கத் தன்னுடையது, கூட வந்த நண்பர் வேலைக்குப் புதிது, அவரைப் பற்றித் தவறாக நினைக்கவேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டவர். இப்படி ஓர் ஆள் அந்தப் பிழையை விட்டிருப்பார் என்று தன்னால் இன்னும் நம்பமுடியவில்லை என்றா.

நீ இறந்துவிட்டாய் என்று சொன்னேன். பிழை என்னுடையது என்று மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டியது இருந்தது. பதினைந்து மாதமாக இருக்கிறது.

உன்னை ஆர் கேட்டது? ஒரு வசனம்கூட எனக்கு விளங்காத பாஷையில் என்னைக் காப்பாற்றிவிட்டு, டிராமில் வந்து "நீ சொல்லுவேன்னு நெனச்சேன்" என்று மட்டும் எனக்குச் சொல்ல உனக்கு என்ன உரிமை? பன்னிரண்டு மாதம் இந்தத் தட்டில் ஏறி நின்று அந்த அகப்பையைச் சரிபார்த்தவன், அது பின்பக்கமாகச் சுற்றினது தன் பிழை என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொன்னாய்? அண்ணையை நான் மன்னிக்கமாட்டேன். இதற்காக உன்னையும் மன்னிக்கமாட்டேன்.

என் திட்டமும் செத்துப்போனது. சனிக்கிழமை வானம் திரும்பவும் புரண்டால், நீ விட்ட பிழை இன்னும் திருந்தவில்லை என்றுதான் அந்த அம்மா நினைப்பா. நாற்பது பிள்ளைகள் புரண்ட வானத்தோடு வீட்டுக்குப் போகும். உனக்கு அதுதான் பொறுக்காது. ஆகவே வேறு மாதிரிப் பழி. கூடாரத்துக்கு ஒரே வாசல், தவழ்ந்துதான் போகவேண்டும். அண்ணைக்கு முழங்கால் ஏலாது. கணினியை இந்த முறை வாசலுக்கு வெளியே வைத்து இயக்குவேன். அவர் உள்ளே இருந்து வெளியே வர இரண்டு நிமிடம் எடுக்கும், நான் பார்த்து வைத்திருக்கிறேன். எனக்கு இரண்டு நிமிடம் காணும்.

இப்போது 9.40. கைப்பிடி இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது. செய்யப்போவது:

1. சனி காலை ஒன்பதுக்குக் கூடாரத்தை ஊதுவேன். டிக்கைப் போட்டு மூன்று தரம் பார்ப்பேன். என்னிடம் ஆராவது எல்லாம் பார்த்தாயா என்று கேட்டால் நாலாம் தரமும் பார்ப்பேன்.

2. அண்ணையின் குரலை எடுத்துவிட்டு உன் குரலைப் போடுவேன். பிள்ளைகளுக்கு முன்னால் அவர் அதை நிறுத்தமாட்டார். இளவேனிலில் நீ இருமுகிற இடத்தை வெட்டமாட்டேன்.

3. முடிந்ததும் விளக்குப் போடமாட்டேன். டிக்கை எடுப்பேன், வானம் புரளும். "போன வருடம் நீங்கள் பார்த்தது இது. செய்தது நான்" என்பேன். டிக்கைப் போடுவேன், வானம் நேராகும்.

4. கடைசியில் பெயர்கள். எழுதியவர்: நீ, உன் பள்ளிக்கூடம் உனக்கு வைத்த சீனப் பெயரின் மூன்று எழுத்திலும். தெரிந்தும் பதினைந்து மாதம் சொல்லாதவர்கள்: இரண்டு பேர். என் பெயர் முதலில், அண்ணையின் பெயர் அடுத்தது. ஒரே அளவு எழுத்து.

5. வாசலில் நிற்பேன். அண்ணை தவழ்ந்து தலையை வெளியே நீட்டும்போது வேலையை விடுகிற கடிதத்தைக் கையில் கொடுப்பேன். எழும்பக் கை கொடுக்கமாட்டேன்.

6. நீ அன்றைக்குச் சொன்ன அந்த நாலைந்து வசனத்தையும் ரீச்சரிடம் கேட்டு எழுதிக்கொள்வேன். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

7. மம்மலில் இந்தத் தட்டுக்கு வந்து எண்ணுவேன். ஆறுதான் தெரிந்தாலும் ஏழு என்று எழுதுவேன்.