என்னைப் பற்றிச் சொல்ல ஒரு ஆள்

ஜூன் 9, திங்கள்

நான் வேலை பார்த்த ரிசார்ட்டை மூடி மூணு மாசம் ஆகப்போகுது. அம்மா மாப்பிள்ளை தேட ஆரம்பிச்சாச்சு. ஒரு வேலை கிடைத்தால்தான் அந்தப் பேச்சு நிற்கும்.

இன்றைக்கு ஊரப்பாக்கம் கம்பெனியில் இன்டர்வியூ, அக்கவுன்ட்ஸ் வேலை. நல்லாத்தான் போச்சு. கடைசியில், "உங்களைப் பத்திக் கேக்க ரெண்டு பேர் நம்பர் குடுங்க. சொந்தக்காரங்க வேணாம்" என்றார்கள். எங்க புதுப்பட்டினத்தில் சொந்தமில்லாத ஆளுக்கு நான் எங்கே போறது?

ரிசார்ட் மேனேஜர் ஸ்டான்லி சார் ஒன்று. இன்னொன்று? அங்கே எனக்கு மேலே இருந்தது விஜயகுமாரி மேடம். அந்தம்மாவோடு நான் போடாத சண்டை இல்லை. வேண்டவே வேண்டாம். சர்ச் பாட்டுக்குழு ரெஜினா ஆன்ட்டி நம்பரைக் கொடுத்தேன். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், என்னைச் சின்ன வயசிலிருந்து தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டேன். "என்னைப் பத்தி விசாரிச்சு போன் வரும், நல்லபடியா சொல்லுங்க." எதற்கு என்று சொல்லவில்லை. அம்மா உத்தரவு: "கையில ஆர்டர் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத. போன தபா ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்ச, கண்ணு பட்டுப் போச்சு."

ஆன்ட்டியும் எதற்கென்று கேட்கவில்லை. கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தார்.

ஜூன் 13, வெள்ளி

ஸ்டான்லி சார் வெளிநாடு போய்விட்டாராம். நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா மனுஷன்?

ஜூன் 18, புதன்

ஊரப்பாக்கம் வேலை போச்சு. "ரொம்ப நாள் இருக்கிற ஆள் வேணும்" என்றார்கள். நான் எப்போ போறேன்னு சொன்னேன்?

ஜூன் 22, ஞாயிறு

ஐயோ. ஐயோ ஐயோ.

ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன், ரெஜினா ஆன்ட்டி ஓடிவந்து கையைப் பிடித்தார். "ஊரப்பாக்கத்துலேர்ந்து போன் வந்துச்சும்மா! பொண்ணு எப்படின்னு கேட்டாங்க. தங்கமான பொண்ணு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது, கல்யாணம் ஆனா வேலைய விட்டுட்டு குடும்பத்தைப் பாத்துக்கும்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

கம்பெனி என்று சொல்லவே இல்லையா என்றேன். "சொன்னாங்களே! மாப்பிள்ளையே ஆபீஸ்லேர்ந்து பேசறாரோன்னு நெனச்சேன்."

திட்டவும் முடியலை. ஆன்ட்டி நல்லதுதானே சொல்லியிருக்காங்க! வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கத்தினேன். கண்ணு படும் கண்ணு படும்னு நீதானே வாயைக் கட்டின? தம்பி ஜோயல் வேற, "இன்னாக்கா, மாப்ள எப்போ வர்றாரு?" என்றான். தட்டைத் தூக்கி எறியப் பார்த்தேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன்.

ஜூலை 2, புதன்

செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரி, பில்லிங் வேலை. ஒரு நம்பர் போதுமாம். ஆனால் என் வேலையை நேரில் பார்த்தவராக இருக்கணும். அப்படி ஒரே ஆள்தான் இருக்கு. தலையெழுத்து.

சதுரங்கப்பட்டினம் போனேன். விஜயகுமாரி மேடம் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. என்ன வேலை, எந்த ஆஸ்பத்திரி, யார் கூப்பிடுவார்கள், எல்லாம் சொன்னேன்.

"என்கிட்டயா வந்து கீற? நான் பொய் சொல்ல மாட்டேன், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"சண்டக்காரின்னுதான் சொல்லுவேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி முழுக்க ஒரே யோசனை. எனக்கென்ன பைத்தியமா?

ஜூலை 9, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். "உங்க மேடம் ரொம்பக் குறை சொன்னாங்க. பில்லுல தப்பு இருந்தா ஓனரையே நிக்க வச்சுக் கேள்வி கேப்பீங்களாமே?" ஆமாம் என்றேன்.

"கவுன்ட்டருக்கு அப்படி ஒருத்தர்தான் வேணும். திங்கக்கிழமை வந்துடுங்க."

ஆர்டர் கையில் வரட்டும் என்கிறாள் அம்மா. போம்மா. ரெஜினா ஆன்ட்டிக்கு முதலில் போன் போட்டேன். வேலை ஆன்ட்டி, வேலை, வேலை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் தெரியாத நம்பர். ஒரு அம்மா பேசினார். "பிரபாவதி உங்ககூட பில்லிங்ல வேலை செய்யிற பொண்ணுதானே? அதப் பத்தி விசாரிக்கணும்."

பிரபா எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

"வேலைக்கா, கல்யாணத்துக்கா?" என்றேன்.

"கல்யாணத்துக்குத்தாம்மா. கட்டிகினு வந்தா வேலைய விட்டுடும் இல்ல?"

போனைக் கையால் மூடிக்கொண்டு பிரபாவிடமே கேட்டேன். வாய் நிறையச் சோறு அவளுக்கு. வேகவேகமாக இல்லையென்று தலையாட்டினாள்.

"விடமாட்டா" என்றேன். "என்னை நம்பி எழுதிக்கோங்க."