என் பெயரில் போன ஒப்புதல்கள்

நவ. 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கீரப்பாளையம் சாலையில் முழங்கால் தண்ணீர். சிதம்பரம் ஆபீசுக்கு நனைந்துகொண்டே போனேன். சாக்ஸை ஃபேனுக்குக் கீழே காயப் போட்டுவிட்டு வேலை.

புது வேலை. பரங்கிப்பேட்டைப் படகுக்காரர்களுக்கு ஒரு சேவை. புயல் எச்சரிக்கை வந்தால் படகுக்கும் வீட்டுக்கும் தமிழில் செய்தி போகும். அதற்குக் ‘கொண்டல்’ என்ற மென்பொருள் பேக்கேஜைப் போடலாமா என்று பார்த்துச் சொல்லவேண்டும். இலவசம். நிரல் திறந்தே கிடக்கும், யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாளி ரஹீம் பாய்க்கு அந்த ஊர்தான். “எந்தப் படகு எப்ப கடலுக்குப் போவுது, வீட்ல பொம்பளைங்க மட்டும் இருக்குற நாளு எது, நம்பரு, எல்லாம் அதுல போவும். நல்லா பாத்து சொல்லுப்பா.”

எனக்குச் சிரிப்பு. கொண்டலை எழுதியதே செந்திலும் நானும். கல்லூரிக் கடைசி வருடம், கடலூரில் அவன் வீட்டு மாடியில். பிற்பாடு அவன் தங்கை கௌரியைக் கட்டிக்கொண்டேன். நண்பன் மச்சான் ஆனான். நான் கொண்டலை விட்டு வருடங்கள் ஆகின்றன. அவன் விடவில்லை. அவனுடைய இப்போதைய வேலையே அதைக் காட்டி வாங்கியது. பாயிடம் எல்லாம் சொன்னேன்.

“அப்ப இன்னும் ஜாஸ்தி பாக்கணும்” என்றார்.

பார்க்கவேண்டியவை: சோதனைகள் ஓடுகின்றனவா. புகார்களுக்குப் பதில் உண்டா. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புகிறாரா. தகவல் எங்கே போகிறது.

வீட்டுக்கு: பால், கொசுவர்த்தி, பாப்பாவுக்குச் சளி மருந்து.

நவ. 5, புதன்

மழை விட்டது. சாக்ஸ் காயவில்லை.

சோதனைகள் எல்லாம் பச்சை, ஒன்றும் தவறவில்லை. விளக்கக் குறிப்புகள் சுத்தம். மச்சான் பிழைத்துக்கொண்டான் என்று பெருமை. மதியம் வரைக்கும்தான்.

பொய்யான போன் எண்களைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். செய்தி ஒழுங்காகப் போனது. கூடவே எண்கள் மொத்தமும் வேறொரு முகவரிக்கும் போயின. முன்பின் தெரியாத முகவரி. மறுபடி ஓட்டினேன். மறுபடி போயின.

எந்தத் திருத்தத்தில் நுழைந்தது என்று தேடினேன். எழுதியது யாரோ ஒருவன், உதவி செய்ய வந்தவன். இரண்டாவது ஆள் ஒப்பினால்தான் எதுவும் உள்ளே வரும். ஒப்பியவர் இடத்தில் என் பெயர். “பார்த்தேன், சரி.”

அந்தத் திருத்தம் நுழைந்த வாரம் நான் கௌரியோடு பிரசவ வார்டில். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

பின்னால் போய்ப் பார்த்தேன். நான் விட்ட பிறகு வந்த எல்லாத் திருத்தமும் அப்படியே. மற்றவை செந்தில் எழுத, ‘நான்’ ஒப்ப. ஒருவர் புகாரும் கொடுத்திருக்கிறார், எண்கள் வெளியே போகின்றன என்று. அதற்கும் என் பெயரில் பதில்: “நானே சோதித்தேன். ஒன்றுமில்லை.” புகாரை மூடியாயிற்று.

ஒப்புதல் போடும் என் கணக்கை நான் ஆரம்பித்தது செந்திலின் லேப்டாப்பில். என்னைத் தவிர பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

“இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்றாள் கௌரி. தலைவலி என்றேன்.

நவ. 6, வியாழன்

லீவு. கடலூர் பஸ், நின்றுகொண்டே. மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடை. செந்தில் மறைக்கவில்லை.

“ரெண்டு பேரு பாக்கணும்னு நாமதான மாப்ள ரூல் போட்டோம்? நீ போயிட்ட. ஒண்டியா நான் என்ன பண்றது?”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“உனக்கு எங்க நேரம்? அந்த ஆளு உதவி பண்றேன்னு வந்தான். படிக்காமயே உள்ள விட்டுட்டேன்.”

“சரி. புகார் வந்தப்ப?”

“அப்பதான் தெரிஞ்சுது. வெளிய தெரிஞ்சா என் வேல போயிடும் மாப்ள.”

தெரிந்தும் விட்டிருக்கிறான். பொய் சொல்ல அவன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை, என் பெயரைப் போட்டிருக்கிறான். அறைந்திருப்பேன். அவன் அழுதான். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரெண்டு நாளு குடு. நானே சரி பண்ணி, என் தப்புன்னு எல்லாருக்கும் எழுதிப் போடுறேன். கௌரி மேல சத்தியம்.”

சரி என்றேன். பஸ்ஸில் வரும்போது பாஸ்வேர்டை மாற்றினேன். இனி யார் நுழையப் பார்த்தாலும் என் போனுக்கு ஒரு எண் வரும், அது இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒரு எச்சரிக்கைக்குத்தான். சந்தேகத்தில் இல்லை.

நவ. 7, வெள்ளி

மூட்டம். பாயிடம் இன்னும் சோதனை பாக்கி என்றேன். பொய். அவர் நம்பியதுதான் கஷ்டம்.

கௌரியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு, “அண்ணன் சொன்னா செய்யும். ரெண்டு நாளுதான, விடுங்களேன்.”

சாயங்காலம் தோசை. பாதியில் போனில் ஒரு எண். யாரோ பாஸ்வேர்டை மாற்றி என் கணக்கில் நுழையப் பார்க்கிறார்கள். அதைப் படிப்பதற்குள் அழைப்பு. செந்தில். கையில் சட்னி, ஸ்பீக்கரில் போட்டேன்.

“மாப்ள, இப்ப ஒரு நம்பரு வந்திருக்கும் பாரு. அத சொல்லு. உன் பேர்ல இருக்குற அந்தப் பதில அழிச்சிட்டு, புகாரையும் தூக்கிடுறேன். ஒரு தடம் இருக்காது. கௌரிக்கு ஒண்ணும் சொல்லிடாத.”

கௌரி தோசைக்கரண்டியோடு நின்றாள். நான் போனை வைத்தேன்.

அறிக்கை எழுதி முடித்தேன். “படகுக்காரர்களின் எண்கள் வெளியே போகும். ஒப்பியதாக உள்ள பெயர் என்னுடையது. நான் எதையும் பார்க்கவில்லை. பயன்படுத்த வேண்டாம்.” பாய்க்கு அனுப்பினேன். கொண்டலின் பொதுப் பக்கத்திலும் போட்டேன், ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று.

கௌரியின் போன் அடிக்கிறது. ‘அண்ணன்’ என்று காட்டுகிறது. அவள் எடுக்கவில்லை.