அத்தான் பெயருக்கு வந்த லேகியம்

மாண்ட்ரியல்,
8 ஜனவரி 1974

அன்புள்ள அப்பாவுக்கு, கோதை வணக்கத்துடன் எழுதுவது.

அக்கா, அத்தான், குழந்தை எல்லோரும் சுகம். ஜன்னல் பாதி வரை பனி. குழந்தை இப்போது என்னிடம்தான் தூங்குகிறாள்.

நான் கொண்டுவந்த லேகியம் தீர்ந்துவிட்டது. நான்கு மாதம் சும்மா இருந்த வயிறு மறுபடி ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்டு எழுந்ததும் முறுக்கிப் பிடிக்கிறது, ஓட வேண்டியிருக்கிறது. இதனால்தானே எட்டாவதில் பள்ளியை விட்டேன், அதே மாதிரி. பஸ் ஏறவே பயம்.

வயிற்று டாக்டர் வீட்டிலேயே இருந்துகொண்டு சொல்லாமல் இருக்கிறாயே என்பீர்கள். அத்தானிடம் போய் இதை எப்படிச் சொல்வேன்? அக்காவிடம் சொன்னால் அவரிடம் போய்விடும். ஒரு பாட்டில் அனுப்புங்கள் அப்பா.

உங்கள் கோதை


மன்னார்குடி,
24 ஜனவரி 1974

என் செல்லம் கோதைக்கு அப்பாவின் ஆசிகள்.

புதிதாகக் கிளறிய லேகியம் நேற்று விமானத் தபாலில் போய்விட்டது. இரவில் சுண்டைக்காய் அளவு, பாலோடு. அதற்கு மேல் வேண்டாம்.

உன் பெயர் போட்டால் யார் மதிப்பார்கள்? மாப்பிள்ளையின் பெயரை, பட்டங்கள் அத்தனையும் சேர்த்து, பெரிதாக எழுதியிருக்கிறேன். டாக்டர் பார்சலை எவன் பிரிப்பான்?

அப்பா, தாண்டவமூர்த்தி


மாண்ட்ரியல்,
6 பிப்ரவரி 1974

அன்புள்ள அப்பா,

போன வாரம் கீழ்வீட்டு மாணவர்கள் இரண்டு பேரைப் போலீஸ் பிடித்துப் போனது. அறையில் கஞ்சா இலை இருந்ததாம். அத்தான் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னார்: "இது ஒரு டாக்டர் வீட்ல அகப்பட்டா அவ்வளவுதான். பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்."

நம் லேகியத்துக்கு நீங்கள் வைத்தியர் லைசென்ஸில் வாங்கும் அதே இலை! விதை பொறுக்கி நெய்யில் வதக்கியவள் நான்தானே. அது இங்கே குற்றம் என்று எனக்குத் தெரியாது.

அனுப்பாதீர்கள் என்று எழுத உட்கார்ந்தேன். அனுப்பிவிட்டேன் என்ற உங்கள் கடிதம் வந்தது. இன்று காலை சுங்கத் தபால் நிலையத்திலிருந்து அத்தான் பெயருக்குச் சீட்டு. அதை மாவு டப்பாவில் ஒளித்திருக்கிறேன். என்ன செய்வேன் அப்பா?

கோதை


மன்னார்குடி,
3 ஜூன் 1974

கோதைக்கு,

"பயம் தீர்ந்தது" என்று ஒரு வரி எழுதினாய். எப்படித் தீர்ந்தது என்று எழுதவில்லை. இன்று தெரிந்துகொண்டேன். பார்சல் அரக்குக்கூட உடையாமல் கப்பல் தபாலில் திரும்பி வந்துவிட்டது. மாப்பிள்ளை தன் கையாலேயே வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். தபால்காரர் படித்துச் சொன்னார், தெருவே கேட்டது. பச்சிலை வைத்தியன் என்று கல்யாணத்தன்றே அவர் வீட்டார் சிரித்தார்கள். பொறுத்துக்கொண்டேன்.

இனி அந்த விலாசத்துக்கு என் கடிதம் வராது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

தாண்டவமூர்த்தி


மாண்ட்ரியல்,
15 ஜூன் 1974

என் அப்பாவுக்கு,

பார்சலை எடுத்துப் பாருங்கள். அந்த எழுத்து கோணலாக இருக்கும். அத்தனை வருஷம் படித்தவர் எழுத்தா அது?

சீட்டை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறிப் போனேன். வழியில் வயிறு முறுக்கி, ஓர் ஓட்டலில் இறங்கி, தெரிந்த இரண்டு பிரெஞ்சு வார்த்தையில் கழிவறை கேட்டுக் கெஞ்சினேன். தபால் நிலையத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன். அங்கிருந்த அம்மாள் அதற்கான பிரெஞ்சுச் சொல்லை எழுதிக் காட்டினாள். அதைப் பார்த்து எழுதினேன். கடைசி எழுத்தின் மேல் ஒரு சின்னக் கோடு இருக்கும். அதையும் நான்தான் போட்டேன். நீங்கள் கிளறியதை நானே தள்ளிவிட்டேன் என்று உங்களுக்கு எழுத மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தை அக்கா அத்தான் எதிரிலேயே உரக்க வாசித்தாள். அத்தான் விழித்தார். "நான் எதைத் திருப்பி அனுப்பினேன்?" பிறகு நான் வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னேன்.

"ஊர் வயித்தையெல்லாம் பார்க்கிறேன், வீட்டு வயித்தை விட்டுட்டேனே," என்றார். பிறகு, "மாமா மருந்து கேட்டுதா?" என்றார்.

"கேட்டுது அத்தான்."

"இங்க அதை என்னால எழுதித் தர முடியாதே, கோதை."

திங்கட்கிழமை ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போகிறார். இங்குள்ள மாத்திரை கேட்குமோ என்னவோ, பயமாகத்தான் இருக்கிறது. பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். ஊருக்கு வரும்போது எனக்கு வேண்டும்.

இந்த விலாசத்துக்கே பதில் போடுங்கள் அப்பா. உறையின் மேல் அத்தான் பெயரைப் பட்டங்களோடு பெரிதாக எழுதுங்கள்.

கோதை