ஜெர்மன் மூடி செய்த அக்கிரமம்

சேசு மரி சூசை

தூத்துக்குடி
18-7-1975

அன்பு மகள் இசபெல்லாவுக்கு உன் சித்தப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான், உன் சித்தி, உன் தங்கச்சி செலின் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், என் மனசை மட்டும் கேட்காதே. அங்கே உன் ஆஸ்பத்திரி வேலையும் குளிரும் எப்படி என்று எழுது.

உன் சித்தி பிலோமி எனக்குத் தெரியாமல் உனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாளாம், நீ ஜெர்மனியிலிருந்து அனுப்பிய, கவிழ்த்துத் தட்டினால் உப்புத் தூவுகிற கண்ணாடி உப்புக் குப்பியை நான் பாழாக்கி, அதனால் செலினுடைய சம்பந்தமே நின்றுபோச்சு என்று. அதை நம்பாதே. உங்கள் அப்பா கடலோடு போன நாளிலிருந்து உங்கள் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்த கை இது, ஒரு குப்பியைக் கெடுக்குமா? முப்பது வருஷமாக உப்பளத்தில் கங்காணியாக இருக்கிறேன். ஒரு கல் உப்பை நாக்கில் வைத்தால் எந்தப் பாத்தி, எந்தக் கிழமை வாரியது என்று சொல்லிவிடுவேன், இதைச் சோதிக்கவே மெட்ராஸிலிருந்து மூன்று ஆபீசர்கள் வந்து தோற்றுத் திரும்பினார்கள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு சாண் உயரம் இல்லாத குப்பி அவமானம் தேடித் தந்திருக்கிறது.

நடந்ததைக் கேள். பார்சல் வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. கடை உப்பையா அதில் போடுவேன்? அன்று காலையில் என் பாத்தியில் வாரிய புது உப்பைக் கொண்டுவந்து அம்மியில் பொடித்துப் போட்டேன். உன் சித்தி, "புது உப்புல கசப்புத் தண்ணி இன்னும் வடியல, அது கசிஞ்சிக்கிட்டேதான் கிடக்கும், அம்பாரத்துல கிடந்த பழசப் போடுங்க" என்று குறுக்கே வந்தாள். அது எனக்குத் தெரியாதா? ஊருக்கே நான் சொல்லிக்கொடுத்தது. ஆனாலும் நீ அனுப்பிய கண்ணாடிக்குள் நான் வாரிய உப்பு இருக்க வேண்டும் என்று நினைத்தது ஒரு குற்றமா மகளே? மூன்றாம் நாள் உப்பு சிமெண்டு மாதிரி இறுகி மூடியின் ஏழு ஓட்டையையும் அடைத்துக்கொண்டது. சாக்குத் தைக்கிற கோணி ஊசியால் குத்தித் திறந்தேன், ஓட்டை கொஞ்சம் பெரிசானது. மூடி கறுத்தது. புளி போட்டுத் தேய்த்தேன், நம் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு அப்படித் தேய்த்தால் தங்கமாக மின்னும், இந்த மூடியோ பூச்சு உரிந்து சொறி பிடித்து நின்றது. மூடியின் திருகு மரை துருவேறிச் சிக்கியது என்று தேங்காய் எண்ணெய் விட்டேன், அதற்குப் பிறகு எவ்வளவு திருகினாலும் பிடிக்கவில்லை. ராட்சசக் கப்பலெல்லாம் கட்டுகிற நாட்டில் ஒரு மூடி ஒழுங்காகச் செய்ய ஆளில்லையா? அங்கே யாரிடமாவது கேட்டு எழுது.

போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து ரோச் அண்ணாச்சி குடும்பத்தோடு செலினைப் பார்க்க வந்தார். மாப்பிள்ளை அவர் மகன் விக்டர், துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் லேத் வேலை, தங்கமான பையன். ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் பரிமாறி, உன் குப்பியை நடுமேசையில் வைத்தோம். அண்ணாச்சி ஆசையாக அதை எடுத்துக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். மூடியும் உப்பும் மொத்தமாக அவர் கறியில் விழுந்தது. மனுஷன் சும்மா இருந்தாரா? "ஏலே தேவபிரசாதம், பொண்ணு கேட்டு வந்தா உப்பளத்தையே தட்டுல கொட்டுதியே" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. மீன் விற்கிறவள்கூட என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, குழம்புக்கு உப்பு நான் போட்டுக்கிடுதேன்" என்றாள். செலினுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று முன்தினம் விக்டர் தனியாக வருகிறான். வந்தவன் கல்யாணப் பேச்சே எடுக்காமல், "மாமா, அந்தக் குப்பி எங்கன?" என்கிறான். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, மரையைப் பிரஷ்ஷால் தேய்த்து, மத்தியானம் பூராவும் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தான். பாக்கெட்டிலிருந்து ஒரு மூடியை எடுத்தான், எவர்சில்வரில் அவனே கடைந்தது, ஓட்டை ஒவ்வொன்றும் கடுகளவு. பழைய உப்பை வறுத்து, அதோடு ஒரு பிடி வறுத்த அரிசியும் சேர்த்துப் போட்டான், கசிவை அரிசி குடித்துக்கொள்ளுமாம். இதையெல்லாம் நான் முதலிலேயே செய்வதாகத்தான் இருந்தேன், நேரமில்லை. பிறகு செலினைப் பார்த்து, "வாரத்துக்கு ஒருக்கா கழுவிக் காயவைக்கணும், ஈரக்கையோட தொடக்கூடாது, பாத்துக்கிடுவியா?" என்றான். அவள் நிமிர்ந்து, "மூடி ஒங்களோடது, நீங்களே தெனம் பாத்துக்கிடுங்க" என்றாளே பார்க்கலாம்! உன் சித்தி அடுப்படிக்குள் ஓடிப் போய்ச் சிரிக்கிறாள்.

இன்று காலை ரோச் அண்ணாச்சியே வந்தார். ஆகஸ்டில் நம் ஊர் மாதா திருவிழா முடிந்து, செப்டம்பர் 8 கல்யாணம் என்று பேசி முடித்தோம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சீர்வரிசையில் அந்தக் குப்பி வந்தாக வேண்டுமாம், முதல் விருந்தில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தட்டிக் காட்ட வேண்டுமாம். நீ எனக்கு அனுப்பியது, எனக்கு! சரியென்று சொல்லிவிட்டேன். பெண்ணையே கொடுக்கிறோம், கண்ணாடிக்கு என்ன.

நீ லீவு போட்டுக் கட்டாயம் வர வேண்டும். கழுத்தில் சால்வை இல்லாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசையை விடாதே. எல்லாப் புனிதர்களும் உன்னைக் காக்கட்டும். வரும்போது இன்னொரு குப்பி வாங்கி வா, மூடியை அங்கேயே விட்டுவிடு, விக்டர் கடைந்து தருவான். இந்த முறை பழைய உப்புதான் போடுவேன், இதைச் சித்திக்கு எழுதாதே.

உன் சித்தப்பா
ம. தேவபிரசாதம்
உப்பளக் கங்காணி