பூமிச்சூட்டு மாநாடும் குகனின் அட்டையும்

ஒக். 8, திங்கள்

காலையிலேயே மழை. பெயர்தான் காலி வீதி, கணுக்கால் வரை தண்ணீர். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஒபிசுக்கு. வாசல் காவலாளி சல்யூட் அடித்தது எனக்கா சப்பாத்துக்கா தெரியவில்லை.

பூமிச்சூட்டு மாநாடு வெள்ளிக்கிழமை. பூமிக்கு அடியில் இருக்கிற சூட்டில் மின்சாரம் எடுப்பது பற்றி. நாட்டில் இதுவரை ஒரு பல்ப் கூட அதில் எரியவில்லை. மாநாடு மட்டும் வருசா வருசம் வளர்கிறது. முதல் வருசம் பம்பலப்பிட்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. பன்னிரண்டு பேர். அதில் இரண்டு பேர் சாப்பிட வந்து படி மாறி ஏறினவர்கள். இது நாலாவது. கொள்ளுப்பிட்டி ஹோட்டல், பெரிய மண்டபம், வெள்ளைக்காரர், திறந்து வைக்க அமைச்சர்.

வளர்ச்சியில் என் பங்கும் உண்டு. முதல் வருசம் சேர் (எங்கள் முதலாளி, மாநாட்டை நடத்துபவர்) கதிரை வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை, பெயர்ப்பட்டியல் வெறுமையாக இருக்கக்கூடாது என்றார். ஓ.எல். பரீட்சையில் கணக்கில் இரண்டு தரம் விழுந்தவனுக்குக் கூட்டல் வேலை. புதுப் பெயர் யோசிக்க மூளை போதாமல் தெரிந்தவர்களைப் போட்டேன். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு அட்டை அடித்துத் தரும் பளீல் நாநா: ஆலோசகர். பக்கத்து வீட்டுச் சின்னராசா மாஸ்டர்: ஆய்வாளர். ராணியின் தம்பி குகன்: பொறியியலாளர். கழன்ற சைக்கிள் செயினைக் கொழுவத் தெரியாத பொறியியலாளர்.

பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பை, பேனா, மாநாட்டு மலர். மகள் நிரோ பள்ளிக்கூடம் கொண்டுபோவது குகனின் பை.

செய்ய: பெயர் அட்டைகள். குத்துவிளக்குத் திரி. ரிப்பன் (சிவப்பு வேண்டாமாம்). குடை வாங்க.

ஒக். 9, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

அமைச்சர் வருவதால் பாதுகாப்புப் பிரிவு பட்டியல் கேட்டதாம், அடையாள அட்டை நம்பர், முகவரியோடு. சேர் சனிக்கிழமையே அனுப்பிவிட்டார். எந்தப் பட்டியல் என்று கேட்டேன். நான் கொடுத்ததுதானாம்.

நான் கொடுத்தது போன வருசப் பட்டியல், அடியில் புதுப் பெயர்கள் சேர்த்து. மேலே உள்ளதை யார் வாசித்தது? குகன் அப்படியே இருக்கிறான். வெள்ளவத்தை, எங்கள் வீட்டு இலக்கம். அ.அ. நம்பரும் சரி. யார் யார் வீட்டில் என்று பொலிசுக்குக் கொடுக்கும் வீட்டார் படிவத்தின் பழைய பிரதியைப் பார்த்து நான்தான் எழுதினேன்.

குகன் போன வருசம் ஆவணியில் தாயைப் பார்க்கக் கிளிநொச்சி போனான். போய்ச் சேர்ந்த கிழமை சண்டை தொடங்கிப் பாதை பூட்டினார்கள். அன்றிலிருந்து வன்னியில், போர் முனைக்கு அந்தப் பக்கம். ஒரு கடிதம், அதுவும் தைமாதம். வீட்டார் படிவத்தில் அவன் பெயரை ஒழுங்காக எடுத்துவிட்டேன். மாநாட்டுப் பட்டியலில் எடுக்கவில்லை. அவன் அங்கே அகப்பட்ட பிறகும் போன ஒக்டோபரில் வைத்திருந்தேன். பைக்காக.

ராணியிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அவன் இஞ்ச எங்களோட இருக்கிறான் எண்டு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்கிறியள்."

தேங்காய்ப் பாதியை என் முன்னால் வைத்துவிட்டு, "ஒரு பைக்கு."

மிச்சத் தேங்காயை நான் துருவினேன். விரலையும்.

ஒக். 10, புதன்

சேரிடம் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அனுப்பின பிறகு ஒரு தமிழ்ப் பெயரை எடுப்பது சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவது மாதிரி என்றார். வராதவனின் அட்டையை யார் தேடப் போகிறார்கள், பேசாமல் இரு என்றார். அவரும் தமிழ்தானே, தெரிந்துதான் சொல்வார் என்று ஆறுதல்.

பின்னேரம் பாதுகாப்புப் பிரிவிலிருந்து கோல் வந்தது. அடையாள அட்டை பார்த்துத்தான் பெயர் அட்டை கொடுக்க வேண்டும். மிஞ்சும் அட்டைகளை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஆறுதல் நாலரை மணிக்கு முடிந்தது.

பொய் ஆட்கள் எல்லாரும் மெய்யாக வரவேண்டும். மாஸ்டர் சம்மதம், கோட்டுக்கு நப்தலின் மணம் போக வெயில் காட்ட வேண்டுமாம். பளீல் நாநாவுக்குப் போன்.

"நோம்பு புடிச்சிக்கிட்டு டையும் கட்டணுமா தம்பி?"

குகனுக்கு யார் போவது?

ஒக். 11, வியாழன்

அட்டை முழுக்க முடிந்தது. குகனின் அட்டையை மட்டும் இரண்டு தரம் மேசை லாச்சியில் போட்டு, இரண்டு தரம் திருப்பி எடுத்தேன். எண்ணிக்கை குறைந்தால் அது வேறு கேள்வி.

ராணி கதைக்கவில்லை. சோறு போட்டாள். நிரோ பையைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறாள், பின்பக்கக் கொடியில். அதில் உள்ள மாநாட்டின் பெயர் கழுவப் போகாது, நல்ல மை. நான் தெரிந்தெடுத்த மை.

ஒக். 12, வெள்ளி

மப்பு வானம். வழியில் மூன்று சோதனைச் சாவடி.

மண்டபம் நிறைந்துவிட்டது. பின்னால் நிற்கவும் ஆட்கள். நான் பொய் சொல்லத் தேவையே இல்லாத முதல் வருசம் இது.

பளீல் நாநாவிடம் ஒரு வெள்ளைக்காரர் ஏதோ நீளமாகக் கேட்டார். நாநா யோசித்து "வெரி ஹொட்" என்றார். அவர் குறித்துக்கொண்டார். ஜும்மாவுக்கு நேரம் என்று நாநா கிளம்பினார், டையைக் கழற்றி என் பொக்கற்றில் வைத்துவிட்டு.

திரையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் படம். அங்கே துளை போட்டுப் பார்க்கலாமாம். நாங்கள் அங்கே போனது மாமாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு. ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்தோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. எனக்கு வாளியால் ஊற்றினது குகன்தான். படம் நிற்கும்போதே கரண்ட் போனது. எல்லாரும் சிரித்தார்கள். ஜெனரேட்டர் போட்டார்கள்.

முடிய, மேசையில் ஆறு அட்டை மிச்சம். சிவில் உடுப்பில் ஒருவர் வந்தார். மரியாதையான ஆள். தமிழ் என்னுடையதைவிடத் திருத்தம். சீட்டுக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பி ஐந்தைக் கீழே வைத்தார்.

"இவர் உங்கட விலாசத்திலதானே இருக்கிறார்?"

காய்ச்சல், வீட்டில் படுத்திருக்கிறான் என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"எங்கயும் டெங்குதானே. கவனமாப் பாருங்கோ. நாளைக்கு வந்து பாக்கிறன்."

அட்டை அவருடைய பொக்கற்றில்.

சேரிடம் ஓடினேன். சொல்லுங்கள் சேர், வெறும் பெயர், எண்ணிக்கைக்குப் போட்டது என்று அவருக்குச் சொல்லுங்கள் என்றேன்.

"பட்டியல் உன்ர வேலை. நான் வாசிக்கவே இல்லை." சொல்லிக்கொண்டே தன் பெயர் அட்டையைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டார். அவருக்கும் பயம். அதைப் பார்த்த பிறகு கோபமும் வரவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன், கடற்கரை ரெயில் பாதையால். யோசித்தது:
வீட்டில் இருக்கிறான் என்றால், படிவத்தில் ஏன் இல்லை?
இல்லை என்றால், எங்கே?
வன்னி என்றால், ஏன் ஒளித்தாய்?
கணக்கில் எனக்கு எப்போதும் மூன்று விடை வரும், மூன்றும் பிழை.

ஒக். 13, சனி

வெயில். பேப்பரில் மூன்றாம் பக்கம் படம். அடுத்த வருசம் இன்னும் பெரிய மண்டபமாம்.

ராணி விடிய எழும்பித் தேத்தண்ணி தந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு கதைத்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. அவன்ர கடிதத்தையும் காட்டுங்கோ. பையையும் காட்டுங்கோ. இவ்வளவு விசரான பொய்யை நல்ல மனுசன்தான் சொல்லுவான் எண்டு விளங்கும்."

கலியாணம் கட்டி இருபது வருசத்தில் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல சொல். குறித்து வைக்கிறேன்.

மேசையில் வரிசையாக: கடிதம், படிவத்தின் பிரதி, பை (இன்னும் ஈரம்), மலர் மூன்று. நிரோ பள்ளிக்கூடப் புத்தகங்களை ஷொப்பிங் பையில் போட்டிருக்கிறாள்.

9.40. கேற் சத்தம். அவர்தான், கூட இரண்டு பேர். வாகனம் ஒழுங்கை முனையில். ராணி வாசலில் கடிதத்தோடு நிற்கிறாள். அவர் அதை வாங்கவில்லை. குகனைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவன் வன்னியில் என்று அவருக்கு முதலே தெரியுமாம். நாலு வருசமாகப் பட்டியல் எழுதினவர் யார், அவர்தான் வேண்டுமாம். சேர் என் பெயரைச் சொல்லிவிட்டாராம்.

சேட்டு மாற்றி வர இரண்டு நிமிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டு தந்தார்.

நீலச் சேட்டு. அ.அ. எடுத்தாயிற்று. நேற்றைய சேட்டுப் பொக்கற்றில் நாநாவின் டை கிடந்தது, கட்டிலில் வைத்தேன், திருப்பிக் கொடுக்க. இந்த நாட்குறிப்புக் கொப்பியில் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. நிரோவை மெதுவாகக் கூப்பிட்டேன். அடுப்பு எரிகிறது, கொப்பியை அவளிடம்