டைல்ஸ் விலையும் ஒரு குரல் செய்தியும்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் உங்கள் புதுக் கடையில் உட்கார்ந்துகொண்டே என் கடைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, டைல்ஸ் கொள்முதல் விலை முழுவதையும் பார்த்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் குற்றச் சட்டத்தில் நேற்று புகார் கொடுத்துவிட்டேன். ஜெயில் உறுதி என்கிறார் வக்கீல். தங்கை புருஷன் உள்ளே போவதில் எனக்குச் சந்தோஷமில்லை. என்னைவிடக் கொஞ்சம் குறைத்து விற்று என் வாடிக்கைக்காரர்களை இழுத்ததிலும் சந்தோஷமில்லை. தங்கை என் போனை எடுப்பதே இல்லை. உங்கள் முதுகுவலித் தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

வியாபாரத்தில் எதிரி, மற்றபடி உங்கள் மச்சான்.

மார்ச் 20

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

சம்மன் கிடைத்தது. தைலம் இருக்கிறது.

பார்த்தது நிஜம். தப்பு என்று உங்கள் தங்கை சோறு போடும்போதெல்லாம் சொல்கிறாள். ஆனால் நான் எதையும் உடைத்துக்கொண்டு நுழையவில்லை. உங்கள் கடையில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அங்கே வேலை பார்த்தபோது வைத்துக் கொடுத்தவனே நான்தான். நான் விலகிய பிறகும் நீங்கள் மாற்றவில்லை. கம்ப்யூட்டர் கெட்டால் என்னைத்தான் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்வீர்கள். போதாததற்கு, புகார் கொடுத்த மறுநாளும் எனக்குக் குரல் செய்தி அனுப்பினீர்கள்: "மாப்ள, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது. அங்கேருந்தே உள்ள போய் என்னன்னு பாருங்க." பார்த்துச் சரிசெய்தேன். அந்தக் குரல் செய்தியை என் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

பயத்துடன்,
உங்கள் மாப்பிள்ளை.

ஜூலை 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தீர்ப்பு வந்ததும் என் முகத்தைப் பார்க்காமலே ஓடிவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

கோர்ட்டில் என் குரல் ஒலித்தபோது என் வக்கீலே தலையைக் குனிந்துகொண்டார். கடை வேலைக்கு மட்டும்தான் அனுமதி, விலையைக் களவாட இல்லை என்று என் தரப்பில் வாதாடிப் பார்த்தார்கள். நீதிபதி கேட்கவில்லை.

"உள்ள வர அனுமதி இருந்துச்சா இல்லையா, சட்டம் அதத்தான் கேக்குது. எதுக்கு வந்தாருன்னு பாத்துத் தண்டிச்சா, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சினிமா டிக்கெட் எடுக்கறவங்களையும் பிடிச்சுப் போடணும்" என்றார்.

பக்கத்திலிருந்த குமாஸ்தா தன் திரையை மெல்லத் திருப்பிக்கொண்டார்.

நஷ்டஈடு கேட்டு வேறு வழக்குப் போடலாமாம். வேண்டாம். உங்களுக்கு விடுதலை என்றதும் எனக்கு மூச்சு வந்தது; அதை வக்கீலிடம் சொல்லவில்லை.

நேற்று தங்கை தானே போன் செய்தாள். முதல் அரைமணி நேரம் திட்டு, அப்புறம் நிபந்தனை. அவள் சொன்னபடியே ஒத்துக்கொண்டேன்: இனி இரண்டு கடைக்கும் ஒரே கொள்முதல், வாங்கும் விலையும் ஒன்றே. லாரி வாடகை பாதிப் பாதி. விற்பது அவரவர் சாமர்த்தியம். வக்கீல் செலவு இரண்டும் என் தலையில்.

உங்கள் மச்சான்.