வாற வாசல்

பிளாஸ்ரர் மணம் இன்னும் போகவில்லை. இன்று காலை ஆஸ்பத்திரியின் ரவுட்டர் அலுமாரியைத் திறந்தபோது முதலில் அதுதான் மூக்கில் ஏறியது. நாங்கள் இருவரும் இங்கே இணைய வேலை பார்த்த காலத்தில், காயத்துக்குக் கட்டுகிற பிளாஸ்ரரைத் தாதியிடம் கெஞ்சி வாங்கி, ஒவ்வொரு வயரிலும் சுற்றி, 'பதிவு மேசை', 'ஸ்கான்', 'கமரா' என்று நீ எழுதிவைத்தாய். கோழி கிளறியது போன்ற அந்த எழுத்தை வாசிக்க எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன கிழமை முழுக்க இணையம் இழுபட்டது. காலையில் அனுப்பும் ஸ்கான் படம் கொழும்புக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். வயர் செருகும் எந்த இடைமுகத்தால் எவ்வளவு போக்குவரத்து என்று ரவுட்டரில் பார்த்து அறிக்கை கொடுத்தேன். பதிவு மேசைதான் முன்னுக்கு நின்றது.

"உந்தப் பிள்ளை வேலை நேரத்தில படம் பாக்குது. மாதம் முடிய வேலையால நிப்பாட்டுவம்," என்றார் முகாமையாளர்.

பதிவு மேசையில் இருக்கும் தேவகி அழவில்லை. "நான் பாக்கேல்லை அண்ணை," என்று ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னாள். அன்றிரவே ரவுட்டரின் கணக்கைத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

அப்போதுதான் எங்கள் பழைய சண்டை ஞாபகம் வந்தது. இடைமுகத்தை நீ வாசல் என்றுதான் சொல்வாய். "மச்சான், எல்லா வாசல்லையும் ரவுட்டருக்குள்ள வாறதை மட்டும் எண்ணு. வெளிய போறதையும் எண்ணினா ஒரே ஆள் ரெண்டு பேராய்ப் போயிடுவான்." நான் விடவில்லை. "ரெண்டையும் பாத்தா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டு போய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கி வந்தாய்.

உன் செத்தவீடு முடிந்த பிறகு, தடுக்க ஆளில்லாமல், பதிவு மேசை வாசலில் மட்டும் இரண்டையும் எண்ணவிட்டேன். சும்மா பார்ப்போம் என்று தொடங்கி மறந்தே போனேன்.

அதனால் அந்த மேசையின் கணக்கு மட்டும் இரட்டித்துத் தெரிந்திருக்கிறது. அதைத் திருத்திவிட்டு ஒரு நாள் காத்திருந்தேன். கமரா வாசல் முன்னுக்கு வந்தது. வாகனத் தரிப்பிடத்துக் கமரா நாள் முழுக்கப் படத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. பிழை என்னுடையது என்று முகாமையாளரிடம் ஒப்புக்கொண்டேன். நன்றாக ஏசினார். ஏச்சு வாங்கி இவ்வளவு நிம்மதியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. "சரி, அவள் நிக்கட்டும்," என்றார் கடைசியில்.

இப்போதெல்லாம் உன் குரலை மனதுக்குள் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் ரவுட்டரில் கை வைக்கிறேன். இன்று அலுமாரிக்குள் தலையை விட்டு, "ஓம் மச்சான், நீ சொன்னதுதான் சரி," என்றேன். நீ இருக்கும்போது ஒரு தரமும் சொல்லாதது.

பின்னால் தேவகி நின்றாள். நீ போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். உன்னை அவள் கண்டதேயில்லை.

"ஆரோட அண்ணை கதைக்கிறியள்?"

"உன்னை வேலையில வைச்சிருக்கிற ஆளோட," என்றேன்.